ஸ்ரீநகர்–லே 255 கி.மீ. தான்... விமானத்தில் ஏன் 1 மணி நேரம்? லடாக்கில் பிள்ளை இருக்கும் பெற்றோர் கவனத்துக்கு

அம்பத்தூர்:
மேனாம்பேடு, ஆவடி பக்கம் ராணுவத்துக்கு பிள்ளையை அனுப்பிய வீடுகள் பல உண்டு. மகன் லடாக்கில் இருந்து லீவில் வருகிறான் என்றால் வீட்டில் மேப்பை வைத்து கணக்கு போடுவார்கள். "லேவில் இருந்து ஸ்ரீநகர் பக்கம்தானே, அன்னிக்கே சென்னை வந்துடலாமே" என்பார்கள். இந்தக் கணக்கு பல சமயம் தப்பாகி விடும். ஏன் என்று பார்ப்போம்.

தூரம் எவ்வளவு?

ஸ்ரீநகர்–லே விமான நிலையங்களுக்கு இடையே நேர்கோட்டில் சுமார் 255 கி.மீ. நம்ம சென்னை–பெங்களூர் விமான தூரமும் கிட்டத்தட்ட இதேதான். ஆனால் ரோட்டில் போனால் சுமார் 420 கி.மீ. ஜோஜிலா கணவாயைத் தாண்ட வேண்டும். பெரும்பாலும் கார்கிலில் ராத்திரி தங்கி 2 நாளில் போவார்கள். பனிக்காலத்தில் கணவாய் மூடப்படுவதும் உண்டு.

விமானம் 800 கி.மீ. வேகத்தில் பறந்தால் 20 நிமிடத்தில் போய்விட வேண்டும். ஆனால் டிக்கெட்டில் 50 நிமிடம், 1 மணி நேரம் என்றுதான் போட்டிருக்கும். கதவை மூடியதில் இருந்து, இறங்கி நிற்கும் வரை உள்ள நேரம் அது. ஓடுபாதைக்கு போவது, மேலே ஏறுவது, மலைகளுக்கு நடுவே மெதுவாக இறங்குவது எல்லாம் அதில் அடக்கம்.

காற்றே குறைவு

லே விமான நிலையம் 10,682 அடி உயரத்தில் இருக்கிறது. 1948-ம் ஆண்டு மே 24-ந்தேதி விமானப்படை அதிகாரி மெஹர் சிங் டகோட்டா விமானத்தை முதன்முதலாக இறக்கியது இங்குதான்.

இந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தை விட நான்கில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு. இறக்கைக்கு தூக்கு விசையும், என்ஜினுக்கு சக்தியும் குறையும். அதனால் விமானம் ஓடுபாதையில் அதிக வேகம் எடுக்க வேண்டும், ஏற்றும் எடையையும் குறைக்க வேண்டும்.

வெயில் ஏறினால் காற்று இன்னும் லேசாகும். மதியத்துக்கு மேல் பள்ளத்தாக்கில் காற்றும் பலமாக வீசும். எனவே விமானங்கள் பெரும்பாலும் காலையில்தான். 2024 ஜூலை கடைசியில் வெப்பம் அதிகமானதால் லேவில் பல விமானங்கள் ரத்தாயின. காலை விமானம் போச்சு என்றால் அநேகமாக மறுநாள்தான்.

என்ன செய்யலாம்?

லேவில் இருந்து சென்னைக்கு பெரும்பாலானவர்கள் டெல்லி வழியாகத்தான் வருகிறார்கள். இரண்டு விமானத்தையும் ஒரே பி.என்.ஆரில் எடுப்பது நல்லது. முதல் விமானம் ரத்தானால் மாற்று ஏற்பாடு செய்வது விமான நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனியாக எடுத்தால் இரண்டாவது டிக்கெட் பணம் போய்விடலாம்.

மகனைப் பார்க்க முதல் முறையாக லே போகிறவர்கள், இறங்கியதும் 2 நாள் ஓய்வு எடுக்க வேண்டும். தலைவலி, மூச்சுத்திணறல் வந்தால் உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

மேனாம்பேட்டில் இருந்து மீனம்பாக்கம் ஏர்போர்ட்டுக்கு போகவே டிராபிக்கில் 1 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அந்த மலையில் கேட்கவா வேண்டும்? தங்கச்சி கல்யாணம் புதன்கிழமை என்றால், பையன் திங்கட்கிழமையே வீடு வந்து சேர்கிற மாதிரி டிக்கெட் போடுங்கள். ஒரு நாள் கையில் இருந்தால் கவலை இல்லை.