தங்கவயல் இருப்புப்பாதையும் பெங்களூரின் புதுப் பாதையும்

1894-ஆம் ஆண்டில் பவுரிங்பேட்டையிலிருந்து, அதாவது இன்றைய பங்காருப்பேட்டையிலிருந்து, மாரிக்குப்பம் வரை பத்து மைல் இருப்புப்பாதை திறக்கப்பெற்றது. மண்ணுக்கடியில் பொன் இருந்தது. ஆகவே பாதைக்குப் பணமும் கிடைத்தது. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் பிழைப்பு நாடிய நம் முன்னோர் பலர் இப்பாதை வழியேதான் ஊரிகத்திலும் சாம்பியனிலும் வந்து இறங்கினர்.

2001 பிப்ரவரியில் சுரங்கங்கள் மூடப்பட்டன. சுரங்கத்துக்கென அமைந்த பாதை, வேலைக்குப் பெங்களூர் செல்லும் நம்மவரைச் சுமக்கலாயிற்று. கோழி கூவுமுன் புறப்பட்டு விளக்கு வைத்தபின் திரும்பும் தந்தையரைப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமையில்தான் கண்ணாரக் காண்கின்றனர்.

இந்நிலையில் பெங்களூர்ப் புறநகர் இரயில் திட்டம் நம்மவர் பேச்சில் அடிபடுகிறது. 2020 அக்டோபரில் மத்திய அமைச்சரவை இதற்கு ஒப்புதல் அளித்தது. நான்கு தடங்கள், நீளம் ஏறத்தாழ 148 கிலோமீட்டர், மதிப்பீடு 15,767 கோடி ரூபாய். இதில் மத்திய, மாநில அரசுகள் நூற்றுக்கு இருபது வீதம் ஈவதென்றும், எஞ்சிய அறுபது கடனாகப் பெறப்படுமென்றும் ஏற்பாடு. அந்த அறுபதைத்தான் நாம் கூர்ந்து நோக்கல் வேண்டும். கடன் வட்டியோடு திரும்பவேண்டும்; அதற்குப் பயணிகள் நெருக்கமாக ஏறவேண்டும். ஆகவே தடங்கள் நகரை ஒட்டியே வரையப்பட்டன. நம் திசையில் வரும் கெங்கேரித் தடம் ஒயிட்பீல்டில் நின்றுவிடுகிறது! அங்கிருந்து பங்காருப்பேட்டைக்கு 45 கிலோமீட்டர் நீட்டும் யோசனையும் திட்டத்தை நடத்தும் கே-ரைடு நிறுவனத்தாரின் பட்டியலில் இடம்பெற்றதுண்டு. யோசனைக்கும் தண்டவாளத்துக்கும் இடையே உள்ள தூரத்தை அன்பர்கள் அறிவர்.

நீட்டினாலும் கட்டணம் என்னவாகும்? கடனில் எழும் பாதையில் இன்றைய சீசன் டிக்கெட்டின் மலிவை எதிர்பார்ப்பதற்கில்லை. 2023-இல் மெட்ரோ ஒயிட்பீல்டை எட்டியபோது நேரம் மிஞ்சியது, மெய்தான். ஆனால் இரண்டாவது டிக்கெட்டும் சேர்ந்தது. கட்டட வேலைக்குச் செல்லும் ஒருவருக்கு அது சிறு தொகையன்று.

ஆதலால் புதுப் பாதைக்கு மட்டும் மனுச் செய்து காத்திருப்பது போதாதென்பது நம் கருத்து. கண்டோன்மெண்டுக்கும் ஒயிட்பீல்டுக்கும் இடையே இரு பாதைகளை நான்காக்கும் பணியே நமக்கு அண்மைப் பயன் தருவது. வழி அகன்றால் மாரிக்குப்பம் வண்டிகளைக் கூட்டக் கேட்கலாம். கேட்கும்போது கையில் கணக்கு இருத்தல் நலம். ஒவ்வொரு லைனிலும் சீசன் டிக்கெட் வைத்திருப்போர் எத்தனை பேர், எவ்வண்டியில் ஏறுகின்றனர், எங்கு இறங்குகின்றனர் என்பதை அன்பர்கள் குறித்துச் சங்கத்துக்கு அனுப்புவார்களாக. பெண்களின் கணக்கைத் தனியே குறித்தல் வேண்டும்.