எழுப்புதலும் உணர்வும்: கிறிஸ்தவர்கள் காத்திருக்கும் பின்மாரி

பழவங்காடி என்றால் நம்மவர்க்கு முதலில் நினைவுக்கு வருவது கணபதி கோயில்தான். பட்டாளத்தார் பராமரிக்கும் கோயில். விடியற்காலையிலிருந்தே சிதறு தேங்காய் உடைபடும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்தின் நடுவில் முப்பது வருடத்துக்கு மேலாகப் பாத்திரக் கடை நடத்தி வந்தவன் நான். பிறப்பால் தொண்டை மண்டலத்துச் சமணன். ஒரு சமணன் கிறிஸ்தவர்களின் நம்பிக்கையைப் பற்றி எழுத வந்ததேன் என்று கேட்கலாம். காரணம் என் பக்கத்துக் கடைக்காரர்.

அவர் நாகர்கோவில் பக்கத்துச் சி.எஸ்.ஐ. சபைக்காரர். குடை, பள்ளிக்கூடப் பை வியாபாரம். கேரளத்தில் ஜூன் மாதம் பள்ளி திறப்பும் மழையும் ஒன்றாக வருவதால் அவருக்கு வருடத்துக்கு ஒரே சீசன்தான். ஒரு வருடம் வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர், இன்ன மாதத்தில் பெரிய எழுப்புதல் வரும், கடை கண்ணியெல்லாம் யாருக்கும் பெரிதாகத் தோன்றாது என்று மாதம் குறித்துச் சொல்லிவிட்டுப் போனார். அண்ணாச்சி அதை நம்பிச் சரக்கே எடுக்கவில்லை. மாதம் வந்தது, போனது. குடை கேட்டு வந்தவர்கள் அடுத்த கடைக்குப் போனார்கள். நான் மெதுவாக விசாரித்தபோது அவர் சொன்னது: "தேதி தப்பிப்போச்சு நயினாரே. வாக்கு தப்பல."

இந்தப் பதில் எனக்குப் பிடிபடவில்லை. பிடிபடுவதற்காகத்தான் படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். தமிழ்ச் சபைகளில் இதற்கு 'எழுப்புதல்' என்று பெயர். மலையாளச் சபைகளில் 'உணர்வு' என்பார்கள். நமக்கு உணர்வு என்றால் மனத்தில் தோன்றுவது. மலையாளத்தில் உணர்வது என்றால் தூக்கத்திலிருந்து விழிப்பது. ஆகச் சொல் இரண்டானாலும் கருத்து ஒன்றே. சபை தூங்குகிறது, அதை எழுப்ப வேண்டும். எழுப்புகிறவர் மனிதர் அல்லர், தூய ஆவியானவர் என்பது அவர்கள் கொள்கை.

இதற்கு ஆதாரமாக அவர்கள் காட்டுவது யோவேல் தீர்க்கதரிசியின் புத்தகம். கடைசி நாட்களில் ஆண், பெண், அடிமை என்ற வித்தியாசம் இல்லாமல் எல்லார் மேலும் ஆவி பொழியப்படும் என்பது அதன் சாரம். அதிலேயே முன்மாரி, பின்மாரி என்றும் வருகிறது. பாலஸ்தீனத்தில் விதைக்கிற காலத்தில், ஐப்பசி கார்த்திகையை ஒட்டி, ஒரு மழை. கதிர் முற்றுகிற பங்குனி வாக்கில் இன்னொரு மழை. இரண்டாவது பொய்த்தால் அறுவடை சாவியாகும். இடவப்பாதியும் துலாவர்ஷமும் பார்க்கிற நமக்கு இது எளிதில் விளங்கும். இயேசுவின் சீடர்கள் மேல் பெந்தெகொஸ்தே நாளில் ஆவி இறங்கியது முன்மாரி, உலக முடிவுக்கு முன் வரப்போவது பின்மாரி என்று பலர் பொருள் கொண்டார்கள். மேகம் கறுத்தபோதெல்லாம் 'இதுதானா அது?' என்று அவர்கள் வானத்தைப் பார்ப்பது அதனால்தான்.

நம் பகுதியில் அந்த மேகம் திருநெல்வேலியில்தான் முதலில் கறுத்தது. ஜாண் கிறிஸ்தியான் அருளப்பன் 1810-இல் பிறந்தவர். பாளையங்கோட்டையில் ரேனியஸ் ஐயரிடம் படித்தவர். பிறகு அந்தோணி நோரிஸ் குரோவ்ஸ் என்ற ஆங்கிலேயரின் நட்பால், மிஷன் சம்பளம் வாங்காமல் ஊழியம் செய்வது என்று முடிவு எடுத்தார். ஒரு வியாபாரியாக எனக்கு இவரிடம் மிகவும் பிடித்தது இதுதான். சம்பளம் கொடுப்பவன் கணக்குக் கேட்பான், கணக்குக் கேட்பவனுக்குப் பயப்பட வேண்டிவரும். அவர் மதுரைச் சீமையில் கிறிஸ்தியான்பேட்டை என்று ஓர் ஊரையே அமைத்தார். 1857-58-இல் அமெரிக்காவிலும் 1859-இல் வட அயர்லாந்திலும் நடந்த எழுப்புதல்களின் செய்தி இங்கும் வந்தது. 1860-இல் அவர் கூட்டங்களில் அது தொடங்கியது. ஜனங்கள் நடுங்கி விழுந்தார்கள், பாவங்களை வாய்விட்டு அறிக்கையிட்டார்கள், சிலர் அந்நிய பாஷை பேசினார்கள், பெண்கள் தரிசனம் கண்டு எடுத்துச் சொன்னார்கள். வெள்ளைக்கார மிஷனரிகளில் சிலர் மகிழ்ந்தார்கள், சிலர் முகம் சுளித்தார்கள். 1867-இல் அருளப்பன் காலமானார். அமெரிக்காவின் அசூசா தெரு எழுப்புதல் 1906-இல்தான். நம்மவர் அதற்கு நாற்பத்தாறு வருடம் முந்தியவர். இதை நம் பிள்ளைகளுக்கு எந்தப் பாடப்புத்தகமும் சொல்வதில்லை.

அந்த அலை 1873 வாக்கில் திருவிதாங்கூரில் சிரியன் கிறிஸ்தவர்கள் நடுவே எழும்பியது. இங்கே முன்னின்றவர் யுஸ்தூஸ் யோசேப்பு. பெயரைக் கேட்டு மலையாளி என்று எண்ணவேண்டாம். இவர் 1835-இல் பாலக்காட்டுத் தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்த இராமய்யன். 1861-இல் குடும்பத்தாருடன் ஞானஸ்நானம் பெற்று, சி.எம்.எஸ். சபையில் குருவானார். புலமையால் 'வித்வான் குட்டி' என்று பெயர் பெற்றார். கர்நாடக ராகங்களில் அவர் செய்த கீர்த்தனங்களை மலையாளச் சபைகள் இன்றும் பாடுகின்றன.

ஆனால் அண்ணாச்சிக்கு வந்த சோதனை அவருக்கும் வந்தது. அவருடைய கூட்டத்தில் தரிசனங்களின் பேரில் ஒரு தேதி குறிக்கப்பட்டது: 1881 அக்டோபர் 2, அன்று கிறிஸ்து திரும்பி வருவார். தாய்ச் சபையிலிருந்து பிரிந்து தனிச் சபையாகி, பல வருடம் அந்த ஒரு நாளை நோக்கியே வாழ்ந்தார்கள். அந்த நாளும் மற்ற நாள் மாதிரியே விடிந்து அடைந்தது. பலர் பழைய சபைகளுக்குத் திரும்பினார்கள். மிச்சமிருந்தவர்களோ, வருகை கண்ணுக்குத் தெரியாத வகையில் நடந்தேறிவிட்டது, புதிய யுகம் பிறந்துவிட்டது என்று பொருள் சொல்லி, யுயோமயம் என்ற பெயரில் 1881 முதல் ஓர் ஆண்டுக் கணக்கையே தொடங்கினார்கள். யுஸ்தூஸ் 1887-இல் மறைந்தார்.

இதைப் பைத்தியக்காரத்தனம் என்று தள்ளுவது சுலபம். நான் அப்படித் தள்ளவில்லை. தேதி குறித்ததுதான் பிழை என்று அவர்கள் வேதத்தை வைத்தே சொல்லலாம். அந்த நாளையும் நாழிகையையும் ஒருவனும் அறியான் என்ற கருத்து சுவிசேஷத்திலேயே இருக்கிறது. தேதி பொய்த்தபிறகும் எதிர்பார்ப்பு அடங்கவில்லை. 1895-இல் பம்பை மணலில் மாராமண் கன்வென்ஷன் தொடங்கியபோது பேசியவர்களில் ஒருவரைத் 'தமிழ் தாவீது' என்றே மலையாளிகள் அழைத்தார்கள். 1905-இல் காசி மலையிலும், பண்டித ரமாபாயின் முக்தி ஆசிரமத்திலும் எழுப்புதல் நடந்தது. பிறகு பெந்தெகொஸ்தே சபைகள் வந்தன. அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

கிறிஸ்தவர்களுக்குள்ளேயே இதில் இரண்டு கட்சி உண்டு. உலகமெங்கும் பெரிய எழுப்புதல் வந்த பிறகே முடிவு என்பது ஒன்று. காலம் கெட்டுக்கொண்டேதான் போகும், சிறு கூட்டம் மட்டும் விசுவாசத்தில் மிஞ்சும் என்பது மற்றொன்று. இரண்டாவது எங்கள் கணக்குக்குக் கொஞ்சம் பக்கத்தில் வருகிறது. சமணத்தில் இது இறங்குகாலத்தின் ஐந்தாம் ஆரம். மொத்தம் 21,000 வருடம். கழிந்தது சுமார் 2,500. அதன் முடிவில் ஒரு முனிவர், ஓர் ஆர்யிகை, ஒரு சிராவகர், ஒரு சிராவகி என நால்வர்தான் அறம் காத்து மிஞ்சுவர். அதன்பின் இருண்ட 21,000, பிறகு ஏறுகாலத்தில் இரண்டு 21,000. அதற்கும் அப்பால்தான் அடுத்த தீர்த்தங்கரர். ஆக இன்றிலிருந்து ஏறக்குறைய 81,500 வருடம். அவர் பெயரைச் சில நூல்கள் மகாபத்மர் என்கும், சில நூல்கள் பத்மநாபர் என்கும். பத்மநாபசுவாமி கோபுரத்தைத் தினமும் பார்த்துக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்திருந்த எனக்கு அது ஒரு தனி வேடிக்கை.

இந்தக் கணக்கை ஒரு நாள் அண்ணாச்சியிடம் தாளில் போட்டுக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "அம்புட்டு நாளா? அதுவரைக்கும் நீரு எதை வச்சுக் காத்துக்கிட்டிருக்கீரு?" என்றார். நாங்கள் காத்திருப்பதில்லை, அவரவர் வினையை அவரவர் கழிக்கிறோம், யாரும் வந்து எழுப்பப் போவதில்லை என்றேன். அவர் மறுத்துப் பேசவில்லை. "எனக்கு அது ஒத்துவராது நயினாரே. ஆரோ வாராங்கன்னு இருந்தாத்தான் காலையில கடை திறக்கத் தோணுது" என்றார்.

அடுத்த வருடம் மே மாதமே அவர் குடைச் சரக்கு எடுத்துவிட்டார். சனிக்கிழமை இரவு ஜெபக் கூட்டத்தையும் விடவில்லை.