டேப்பைத் திருப்பிப் போடுங்கள்!

சீக்கிரம் வாங்க, சிவப்பு விளக்கு எரிவதற்குள் உள்ளே போய்விடலாம்! லண்டன், ஏபி ரோடு, இ.எம்.ஐ. ஸ்டூடியோ. தேதி 1966 ஏப்ரல் 7. அன்று அங்கே இருந்தவர்கள் பின்னாளில் சொன்ன கதைகள்தான் நமக்கு நுழைவுச்சீட்டு. பாட்டைப் பின்னோக்கிச் சுற்றினால் ரகசியச் செய்தி கேட்கும், சாத்தான் பேசுவான் என்று உலகம் இத்தனை வருடமாகக் கிசுகிசுக்கிறதே, அந்த வதந்திக்கு விதை விழுந்த இடத்தைப் பார்க்கப் போகிறோம். எனக்கு இப்போதே கை பரபரக்கிறது!

முதலில் இந்தக் காட்சியைப் பாருங்கள். படிப்பும் பதவியும் உள்ள ஸ்டூடியோ ஊழியர்கள் ஆளுக்கொரு பென்சிலை நீட்டிப் பிடித்துக்கொண்டு மெஷின் பக்கத்தில் நிற்கிறார்கள். துண்டு டேப்பின் இரு முனைகளையும் ஒட்டி வளையமாக்கி, சுற்றிச் சுற்றி ஓடவிட்டிருக்கிறார்கள். அது தொய்ந்துவிடாமல் இழுத்துப் பிடிக்கத்தான் பென்சில். பென்சில் சிக்காதவர் கையில் கண்ணாடித் தம்ளர்! கட்டடத்தின் வேறு வேறு அறைகளில் இருக்கும் மெஷின்களிலும் இதே கூத்து. எல்லாச் சத்தமும் பீட்டில்ஸ் இசைக்குழு இருக்கும் மூன்றாம் எண் அறைக்கு வந்து சேர்கிறது. பால் மெக்கார்ட்னி வீட்டில் உட்கார்ந்து செய்த வளையங்கள் அவை. கடற்பறவைக் கூட்டம் கத்துகிறதே, கேட்கிறதா? அறையில் ஒரு பறவையும் கிடையாது. எல்லாம் டேப்பை வேகம் மாற்றியும் திருப்பிப் போட்டும் செய்த வித்தை. தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினும் ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமெரிக்கும் அதை 'டுமாரோ நெவர் நோஸ்' பாட்டுக்குள் கோக்கிறார்கள். எமெரிக்குக்கு அப்போது 20 வயதுதான்!

ஒரு வாரம் கழித்து 'ரெய்ன்' பாட்டுக்கான பதிவு. அதன் கடைசியில் ஜான் லெனனின் குரல் பின்னோக்கி ஓடும். யார் யோசனை அது? 'ராத்திரி வீட்டுக்கு எடுத்துப்போன டேப்பைத் தூக்கக் கலக்கத்தில் தப்பாக மாட்டிவிட்டேன், கேட்டதும் சொக்கிப்போனேன்' என்கிற மாதிரி ஜான் சொல்வார். 'அவர் வெளியே போயிருந்தபோது விளையாட்டாகத் திருப்பிப் போட்டவன் நான்தான்' என்பார் மார்ட்டின். இரண்டு பேரும் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. திருப்பிப் போட்டது என்னவோ அதே பாட்டின் வரியைத்தான். ரகசியம், சாபம், மந்திரம் எதுவுமில்லை.

மே மாதம் 5ஆம் தேதி இரவு இன்னொரு முறை எட்டிப்பார்ப்போம். 'ஐம் ஒன்லி ஸ்லீப்பிங்' பாட்டுக்கு ஜார்ஜ் ஹாரிசன் கிடார் வாசிக்கிறார். பின்னோக்கி ஓடும்போது சரியாக விழ வேண்டுமே! அதனால் கடைசி ஸ்வரத்தை முதலிலும் முதல் ஸ்வரத்தைக் கடைசியிலும் வாசிக்கிறார். டேப்பைத் திருப்பிக் கேட்கிறார்கள். மறுபடி. மறுபடி. நள்ளிரவு தாண்டியும் வேலை முடிந்தபாடில்லை. பாட்டில் அது சில நொடிகள்தான். அந்தச் சில நொடிக்கு எத்தனை பேர் கண்விழித்தார்கள்!

சரி, விமானம் ஏறுங்கள். 1969 அக்டோபர் 12, டெட்ராய்ட் நகரின் டபிள்யூ.கே.என்.ஆர். பண்பலை வானொலி. அறிவிப்பாளர் ரஸ் கிப் ஒலிபரப்பில் இருக்கிறார். போனில் ஒரு நேயர், 'பால் செத்துப்போய்விட்டார், தெரியுமா? ரெவல்யூஷன் 9 பாட்டைத் திருப்பிப் போடுங்கள்' என்கிறார். ஆட்டோமேட்டிக் வசதி ஏது? இசைத்தட்டில் விரலை வைத்துப் பின்னால் தள்ள வேண்டியதுதான். முள் கரகரக்கிறது. பீட்டில்ஸின் அந்தப் பாட்டில் ஒன்பது என்று திரும்பத் திரும்பச் சொல்லும் குரல் ஜான் ஸ்டூடியோவின் பழைய டேப்புகளிலிருந்து எடுத்தது. இப்போது அது இறந்த மனிதனைக் கூப்பிடுவதுபோல் கேட்கிறது! அவ்வளவுதான், வதந்தி நாடு முழுக்கப் பற்றிக்கொண்டது.

'செத்துப்போன' பால் அப்போது ஸ்காட்லாந்தில் தன் பண்ணைவீட்டில் குடும்பத்தோடு இருந்தார். 'லைஃப்' பத்திரிகைக்காரர்கள் தேடிப்பிடித்துப் போய் நிற்க, எரிச்சலில் ஒரு வாளித் தண்ணீரை அவர்கள்மேல் வீசினார். வீசியதை கேமரா பிடித்துவிட்டது. பிறகு அவரே பின்னாலேயே போய், அந்த ஃபிலிமைக் கொடுத்தால் பேட்டியும் குடும்பப் படமும் தருகிறேன் என்று சமாதானம் பேசினார். உயிரோடிருப்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா!

1982இல் பழி 'லெட் செப்பலின்' என்ற இசைக்குழுவின் மேல் விழுந்தது. 'ஸ்டேர்வே டு ஹெவன்' பாட்டைத் திருப்பினால் சாத்தான் துதி கேட்கிறது என்றார்கள். கலிஃபோர்னியா சட்டமன்றக் குழு ஒன்று உட்கார்ந்து கேட்டே பார்த்தது. இசைக்குழுவின் இசைத்தட்டு நிறுவனமோ, எங்கள் தட்டு ஒரே திசையில்தான் சுற்றும் என்று ஒரு வரியில் முடித்துக்கொண்டது. எனக்கு ரொம்பப் பிடித்த பதில்!

இப்போது கனடாவின் லெத்பிரிட்ஜ் பல்கலைக்கழகம். உளவியலாளர்கள் ஜான் வோக்கியும் டான் ரீடும் டேப்பைத் திருப்பி ஓட்டி மாணவர்களைக் கேட்கவைக்கிறார்கள். திருப்பியது என்ன தெரியுமா? பைபிளின் 23ஆம் சங்கீதமும் லூயிஸ் கரோலின் ஒரு வேடிக்கைக் கவிதையும். பேசுவது ஆணா பெண்ணா என்று மாணவர்கள் சரியாகச் சொல்லிவிடுகிறார்கள். என்ன பேசுகிறது? தெரியவில்லை. அப்புறம்தான் வேடிக்கை. 'இந்த இடத்தில் இப்படி ஒரு வாக்கியம் வரும், கவனியுங்கள்' என்று முன்கூட்டிச் சொன்னால் போதும், பளிச்சென்று கேட்கிறது! கீரி போன்ற ஒரு பிராணியை வாயில் வைத்திருக்கும் பெண்ணைப் பற்றிய வாக்கியம்கூடப் புனிதச் சங்கீதத்திலிருந்து கிடைத்தது. 1985இல் ஆய்வு வெளியானது. செய்தி டேப்பில் இல்லை, முன்கூட்டிச் சொன்னவரின் வாயிலிருந்து கேட்பவரின் காதுக்குப் போயிருக்கிறது.

அடுத்த கதவைத் திறக்கும்போது கொஞ்சம் அடக்கம் வேண்டும். 1990, நெவாடா மாநிலத்தின் ரீனோ நீதிமன்றம். அதற்குச் சில வருடங்களுக்கு முன் இரண்டு இளைஞர்கள் தங்களையே சுட்டுக்கொண்டார்கள். ஒருவர் சுட்ட இடத்திலேயே இறந்தார், மற்றவர் மூன்று வருடம் தவித்து இறந்தார். 'ஜூடாஸ் பிரீஸ்ட்' குழுவின் பாட்டில் மறைந்திருந்த கட்டளைதான் காரணம் என்று குடும்பங்கள் வழக்குப் போட்டன. பெற்ற வயிறு காரணம் தேடத்தான் செய்யும். குழுவின் கிடார் கலைஞர் க்ளென் டிப்டன் என்ன செய்தார் தெரியுமா? உள்ளூர்க் கடையில் தங்கள் ஆல்பத்தையே விலைகொடுத்து வாங்கி, ஒரு ஸ்டூடியோவில் டேப்பில் ஏற்றித் திருப்பி ஓட்டினார். சட்டென்று கிடைத்தது: 'அம்மா, என் நாற்காலி உடைந்துபோச்சு!' இன்னொரு இடத்தில் பெப்பர்மின்ட் கேட்கும் குரல்! பாடகர் ராப் ஹால்ஃபோர்ட் நீதிமன்றத்தில் பாடியே காட்டினார். கட்டளை என்று சொல்லப்பட்டது பாடகரின் மூச்சும் கிடார் சத்தமும் தற்செயலாகச் சேர்ந்தது என்றார் நீதிபதி. குழு விடுபட்டது.

இந்த வித்தை நம் வீட்டுக்கும் வந்திருக்கிறது! 2000இல் வந்த 'பெண்ணின் மனதைத் தொட்டு' படத்தில் பிரபுதேவா ஆடும் 'கல்லூரி வானில்' பாட்டு ஞாபகமிருக்கிறதா? தமிழே தெரியாத ஓர் அமெரிக்கர் 2007இல் தன் காதுக்கு எட்டிய ஆங்கிலச் சொற்களை அதன்கீழ் எழுத்தாக ஓடவிட்டார். 'பென்னி லாவா' என்று உலகமே சிரித்துக் கொண்டாடியது. அங்கே பாட்டு நேராகத்தான் ஓடியது. ஆனாலும் அந்த எழுத்தைப் படித்தபடி கேட்டால், தமிழிலேயே பிறந்து வளர்ந்த நமக்கும் ஆங்கிலம் கேட்கிறதே!

இன்று டேப்பும் வேண்டாம், பென்சிலும் வேண்டாம், போனில் ஒரு தட்டுத் தட்டினால் பாட்டு திரும்பிவிடும். இன்றைக்கே செய்து பாருங்கள். பிடித்த பாட்டைத் திருப்பி ஓட்டி, முதலில் ஒன்றும் சொல்லாமல் நண்பரைக் கேட்கவிடுங்கள். அப்புறம் நீங்களாக ஒரு வாக்கியத்தைக் கட்டி, அவரிடம் சொல்லிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். 'ஆமாம்டா, கேட்குது!' என்று அவர் துள்ளுவார். அடுத்த முறை யாராவது பாட்டில் பேய் பேசுகிறது என்று வந்தால், என்ன பேசுகிறது என்பதை மட்டும் அவர்களைச் சொல்லவிடாமல் ஓட்டச் சொல்லுங்கள்!