பவளக் கல்லில் கட்டிய ஆலயம்

தனுஷ்கோடிக்குப் போகிறவர்கள் அந்தக் கிறிஸ்தவ ஆலயத்தைப் பார்க்காமல் திரும்புவது இல்லை. கூரை கிடையாது. சுவர்கள் மட்டும் நிற்கின்றன. 1964 டிசம்பரில் அடித்த புயலின் வேலை அது.

சுவரின் அருகே போய்ப் பாருங்கள். கல் முழுவதும் சின்னச் சின்னத் துளைகள்! அது மலையில் வெட்டிய கல் அல்ல. கடலில் எடுத்த பவளக் கல்.

மிகச் சிறிய உயிர்கள் கூடிக் கட்டிய வீடுதான் பவளப் பாறை. மீன்கள் அதில் ஒதுங்கி, இனம் பெருக்கும். பெரிய அலையைப் பாறை தாங்கிக்கொள்ளும். கரைக்கு அடி குறையும்.

அதைத்தான் கட்டிடத்துக்கும் சுண்ணாம்புக்கும் வெட்டி எடுத்தார்கள். மன்னார் வளைகுடாவில் இருந்த 21 தீவுகளில் 2 தீவுகள் தண்ணீருக்குள் போய்விட்டன. பாறையை வெட்டியதும் அதற்கு ஒரு காரணம். 2001-ல் பவளம் எடுப்பது சட்டப்படி குற்றம் ஆயிற்று.

பாவமும் கூட என்கிறது கத்தோலிக்க திருச்சபை. போப்பாண்டவர் பிரான்சிஸ் 2015-ல் எழுதிய மடலில், இயற்கையைக் கெடுப்பது பாவம் என்றார். பவளப் பாறைகள் அழிவதையும் அதில் சொன்னார். மீன் குறைந்தால் சிறு மீனவர்களுக்கே பெரிய அடி என்றும் எழுதினார். பாம்பன், தங்கச்சிமடம் கத்தோலிக்க மீனவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியது இல்லை!

வெட்டுவது நின்றது. ஆனால் 2010-லும் 2016-லும் கடல் சூடேறி, பவளங்கள் வெளுத்தன. நிலக்கரியும் பெட்ரோலும் எரித்த சூடு அது. பணக்கார நாடுகள் இந்தக் கடனைத் தீர்க்க வேண்டும் என்பதும் அந்த மடலில் இருக்கிறது. தங்கச்சிமடத்து நாட்டுப் படகுக்காரர் எரித்தது எவ்வளவு?