ஏலத்தில் எடுத்த சேட்டக்: சொன்ன பொய்யும் சொல்லாத குறையும்

ஆகுர்டியில் பழைய மும்பை–புனே சாலையை ஒட்டி இருக்கிறது பஜாஜ் ஆட்டோவின் தலைமை அலுவலகம். 1972இல் வந்த சேட்டக் ஸ்கூட்டர் இங்கிருந்துதான் புகழ்பெற்றது. அதன் உற்பத்தி நின்று பல வருடங்கள் ஆகின்றன. இப்போது அதே பெயரில் மின்சார வண்டி ஓடுகிறது. ஆனாலும் அந்தப் பழைய பெட்ரோல் வண்டியைத் தேடி வாங்குவோர் குறையவில்லை. தேடல் இன்று பழைய வண்டிக் கடையில் முடிவதில்லை, கைபேசியில் ஏலம் கேட்பதில் முடிகிறது.

ஆகுர்டியில் குடியிருக்கும் திருநெல்வேலிக்காரர் ஒருவர், வேறு மாநிலத்து வியாபாரியிடம் அப்படி ஒரு வண்டியை ஏலத்தில் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விளம்பரத்தில் ‘சிங்கிள் ஓனர், ஒரிஜினல் இன்ஜின், 21,000 கி.மீ., பேப்பர் க்ளியர்’ என்று இருந்தது. வந்த வண்டியின் பிரேக் மிதியில் ரப்பர் தேய்ந்து இரும்பு தெரிகிறது. 21,000 கிலோமீட்டரில் அது அப்படித் தேயாது. ஆர்.சி. புத்தகத்தில் இவருக்கு முன்பே மூன்று பெயர்கள். இன்ஜினில் பொறித்த எண்ணும் புத்தகத்தில் உள்ள எண்ணும் ஒத்துப்போகவில்லை. போன் போட்டால், “ஏலம்னாலே உள்ளது உள்ளபடிதான் சார், அப்பவே வந்து பாத்திருக்கணும்” என்கிறார் விற்றவர்.

அவர் சொல்வதில் பாதி சட்டம் இருக்கிறது. மிச்சப் பாதியில்தான் வாங்கியவரின் வழக்கு இருக்கிறது.

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 17இல் ஒரு குதிரையை உதாரணம் காட்டுகிறது. ஒருவர் தன் குதிரைக்குக் குறை இருப்பது தெரிந்தே ஏலத்தில் விற்கிறார், குறையைப் பற்றி வாயே திறக்கவில்லை. சட்டத்தின் கண்ணில் இது மோசடி அல்ல. வாங்குபவர் அவருடைய சொந்த மகள், இப்போதுதான் மேஜரானவள் என்றால் மட்டும் சொல்லியாக வேண்டும்! அடுத்த உதாரணம்தான் நமக்கு வேண்டியது. ‘நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நன்றாக இருக்கிறது என்றே எடுத்துக்கொள்வேன்’ என்று வாங்குபவர் சொல்லி, அதற்கும் விற்பவர் மௌனமாக இருந்தால், அந்த மௌனம் பேச்சுக்குச் சமம். விற்பவரின் வாட்ஸ்அப்புக்கு ஏலத்துக்கு முன்பே ‘இன்ஜின் மாற்றவில்லை, மீட்டர் மாற்றவில்லை என்று வைத்துக்கொள்கிறேன், தவறென்றால் சொல்லுங்கள்’ என்று அனுப்பும் ஒரு வரி, அந்த இரண்டாவது குதிரையின் பக்கம் உங்களைக் கொண்டுபோய் நிறுத்துகிறது. இவ்வளவு மலிவான பாதுகாப்பு வேறு இல்லை, செய்கிறவர்கள்தான் அபூர்வம்.

சொல்லாமல் விட்டதற்கு இந்தச் சலுகை என்றால், சொன்ன பொய்க்கு? 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 15, விவரம் சொல்லி விற்ற பொருள் அந்த விவரத்தோடு பொருந்த வேண்டும் என்கிறது. ‘உள்ளது உள்ளபடி’ என்ற வாசகம் தரம் பற்றிப் பேசாமல் விட்ட விஷயங்களுக்குக் கேடயமாகலாம். ‘சிங்கிள் ஓனர்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடாத குறையாக விற்றுவிட்டு, அதற்கும் அந்தக் கேடயத்தைப் பிடிப்பது நியாயமாகாது என்பது என் கட்சி. ஜெர்மனியின் உயர்மட்ட சிவில் நீதிமன்றம் 2006 நவம்பரில் இதே நியாயத்தைத்தான் பேசியது. ஈபேயில் விற்ற பழைய மோட்டார் சைக்கிள் அது. 30,000 கி.மீ. என்று விளம்பரம்; மீட்டரோ மைல் கணக்கில் ஓடியது. உத்தரவாதம் கிடையாது என்றும் விற்றவர் எழுதியிருந்தார். கிலோமீட்டர் கணக்கைத் தந்தபின் பொதுவான மறுப்பு வாசகம் அதை விழுங்கிவிடாது என்றது நீதிமன்றம்.

இங்கே வழக்கை எங்கே போடுவது? விற்றவர் வேறு மாநிலம் என்று தயங்க வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் குடியிருக்கும் ஊரிலேயே, அதாவது புனே மாவட்ட ஆணையத்திலேயே புகார் தரலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. கெடு இரண்டு ஆண்டு. 2020 மின்வணிக விதிகளோ, விளம்பரத்துக்கு ஒத்துவராத பொருளைத் திரும்பப் பெறவும் பணத்தைத் திருப்பித் தரவும் இணையச் சந்தையில் விற்பவர் மறுக்கக் கூடாது என்கின்றன. புகாரைத் தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்தில் ஏற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும்.

ஆனால் வியாபாரமாக அல்லாமல் தன் சொந்த வண்டியை விற்கும் தனிநபரை இந்த விதிகள் தொடுவதில்லை. அவர்மீது சிவில் வழக்குதான், பொய் அப்பட்டமாக இருந்தால் போலீஸ் புகாரும்.

எதிர்த்தரப்பு வக்கீல் 2009 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றைக் கையில் எடுப்பார்: பொது ஏலத்தில் எடுத்தவர் நுகர்வோர் ஆக மாட்டார் என்பது. அது சண்டிகர் நிர்வாகம் ஏலம் விட்ட மனைகளைப் பற்றியது. வியாபாரி விற்ற ஸ்கூட்டருக்கு அதை அப்படியே இழுத்துப் போர்த்த முடியாது.

போசரி, சிஞ்ச்வட் பக்கம் பழைய லேத்தோ சி.என்.சி. இயந்திரமோ ஏலத்தில் எடுக்கும் பட்டறைக்காரருக்கு வேறொரு பள்ளம் காத்திருக்கிறது. லக்ஷ்மி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் என்ற மகாராஷ்டிரச் சிறுதொழில் நிறுவனம், கோவை பி.எஸ்.ஜி.யிடம் வாங்கிய புது சி.என்.சி. இயந்திரத்தில் குறை என்று வழக்குப் போட்டது. மாநில ஆணையத்தில் ஜெயித்தது. தேசிய ஆணையத்தில் தோற்றது. வணிக நோக்கத்துக்கு வாங்கியதால் நுகர்வோர் அல்ல என்று 1995இல் உச்ச நீதிமன்றமும் முடித்தது. தானே ஓட்டிப் பிழைக்க ஆட்டோ வாங்குபவர் நுகர்வோர்தான் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. ஆக, இயந்திரத்தில் நிற்பது நீங்களா, சம்பளத்துக்கு வைத்த ஆட்களா என்பதே கேள்வி.

கடைசியில் எல்லாம் சான்றில் போய் நிற்கிறது. ஏலம் முடிந்ததும் விளம்பரப் பக்கம் பெரும்பாலும் மறைந்துவிடும். அதனால் ஏலம் கேட்பதற்கு முன்பே தேதியும் விவரமும் தெரிய அதைச் சேமித்து வைத்துக்கொள்ள வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சியச் சட்டத்தின் பிரிவு 63, மின்னணுப் பதிவோடு அதற்கான சான்றிதழையும் கேட்கிறது. அதைப் பற்றி வக்கீலிடம் முதல் நாளே கேட்டுவிடுங்கள். கைபேசியை மாற்றுகிறவர்கள் பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட வேண்டாம், வழக்கு முடிகிறவரை.