விளைச்சலும் பசியும்: பெர் பின்ஸ்ட்ரப் ஆண்டர்சனின் உணவுப் பொருளியல்

விளைச்சல் பெருகினால் பசி தானே குறைந்துவிடும் என்ற நம்பிக்கை, உயர்விளைச்சல் விதைகள் பரவத் தொடங்கிய 1960களின் இறுதியில் அறிவியலாளரிடமும் அரசுகளிடமும் ஆழமாக வேரூன்றியிருந்தது. டென்மார்க்கில் 1939இல் பிறந்து, அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்தில் வேளாண் பொருளியலில் முனைவர் பட்டம் பெற்ற பெர் பின்ஸ்ட்ரப் ஆண்டர்சன், கொலம்பியாவின் காலி நகரை ஒட்டி இயங்கிய பன்னாட்டு வெப்பமண்டல வேளாண் ஆய்வு மையத்தில் பணியாற்றிய காலத்தில், அந்த நம்பிக்கையைக் கணக்குப் போட்டுச் சோதிக்க முற்பட்டார்.

1976இல் சக ஆய்வாளர்களுடன் சேர்ந்து அவர் வெளியிட்ட கட்டுரை, காலி நகரத்துக் குடும்பங்களை வருமான வாரியாகப் பிரித்து, ஒவ்வோர் உணவுப்பொருளின் வரத்தும் கூடி விலை இறங்கும்போது எந்தப் பிரிவினரின் உணவு எவ்வளவு கூடுகிறது என்று மதிப்பிட்டது. விலை மாறும் அளவுக்கு வாங்கும் அளவு எவ்வளவு மாறுகிறது என்பதைப் பொருளியலார் விலை நெகிழ்ச்சி என்பர். அது ஏழைக்கும் செல்வந்தருக்கும் ஒன்றாக இருப்பதில்லை என்பதால், எந்தப் பயிரின் ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குவது என்ற கேள்வியும் விளைச்சலைப் பற்றியதாக மட்டும் இருக்க முடியாமல், அதை யார் உண்பார் என்பதைப் பற்றியதாகவும் ஆகிவிடுகிறது. இன்று எளிதாகத் தோன்றும் இந்தக் கருத்து, ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்பதே வெற்றியின் அளவாக இருந்த அந்நாளில் எளிதாக ஏற்கப்படக்கூடியதாக இருக்கவில்லை.

பன்னாட்டு உணவுக் கொள்கை ஆய்வு நிறுவனத்தில் 1980இல் சேர்ந்தபின் அவரது கவனம் உணவு மானியங்களின் பக்கம் திரும்பியது. மானியம் அரசுக் கருவூலத்தை அரிக்கிறது என்று ஒரு சாராரும், அதை வெட்டினால் ஏழைகள் பட்டினி கிடப்பர் என்று மறுசாராரும் வாதிட்டுக்கொண்டிருந்தனர். இரண்டுமே உண்மை என்பதுதான் சிக்கல். எகிப்து 1977 சனவரியில் மானியத்தைக் குறைக்க முயன்றபோது மக்கள் தெருவில் இறங்கிக் கலகம் செய்யவே அரசு பின்வாங்கியது. இலங்கையோ நீண்டகாலமாக வழங்கிவந்த கூப்பன் அரிசியை 1979இல் நிறுத்திவிட்டு, வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு மட்டும் உணவு முத்திரைகளைக் கொடுத்தது. அவற்றின் மதிப்பு ரூபாயில் நிலையாக வரையறுக்கப்பட்டிருந்ததால், விலைவாசி ஏற ஏற அவை வாங்கித்தந்த உணவு தேய்ந்தது, மிக வறிய குடும்பங்களின் உணவும் குறைந்தது. இத்தகைய நாட்டு அனுபவங்களைத் திரட்டி அவர் தொகுத்த நூல் 1988இல் வெளிவந்தது. பிலிப்பைன்சில் அவர் பங்கேற்று ஆராய்ந்த ஒரு சோதனைத் திட்டம் வேறு வழியைக் காட்டியது: ஏழை யார் என்று வீடுவீடாகத் தேடாமல், வறுமையும் ஊட்டக்குறைவும் மிகுந்த ஊர்களைத் தேர்ந்தெடுத்து, அங்கே வாழும் அனைவருக்கும் அரிசியையும் சமையல் எண்ணெயையும் குறைந்த விலைக்கு விற்பது. வருமானச் சான்று கேட்கும் திட்டங்களில் நடக்கும் முறைகேடுகளை அறிந்தவர்களுக்கு இதன் அருமை உடனே புரியும். மானியங்கள் குறித்த ஆய்வுகளும், அந்நிறுவனத்தின் தலைமை இயக்குநராக 1992 முதல் அவர் ஆற்றிய பணிகளும் 2001இல் அவருக்கு உலக உணவுப் பரிசைப் பெற்றுத்தந்தன.

வீட்டுக்குள் உணவு வந்து சேர்ந்தாலும் ஊட்டம் உடலில் சேரும் என்பதற்கு உறுதியில்லை என்பதும் அவர் தொடர்ந்து வலியுறுத்திய கருத்து. தூய்மையற்ற நீரைக் குடித்து அடிக்கடி வயிற்றுப்போக்குக்கு ஆளாகும் குழந்தைக்கு, கூடுதல் தானியத்தைவிட நல்ல குடிநீரே பெரிய உணவுக் கொள்கையாக அமையக்கூடும். வயலையும் சந்தையையும் சமையலறையையும் கழிப்பிடத்தையும் ஒரே சங்கிலியாகக் காண்பதையே உணவு அமைப்பு என்ற சொல் குறிக்கிறது. மண்ணும் நிலத்தடி நீரும் சிதைவதால் ஏற்படும் இழப்பு விளைபொருளின் விலையில் சேர்வதில்லை என்பதும் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியே. 

முன்பு பணியாற்றிய கார்னெல் பல்கலைக்கழகத்துக்கு 2003இல் பேராசிரியராகத் திரும்பிய அவர், உணவுக் கொள்கையைச் சூத்திரங்களாகக் கற்பிப்பதில் நிறைவு காணவில்லை. குறிப்பிட்ட ஒரு நாட்டின் குறிப்பிட்ட ஒரு சிக்கலை விவரித்து, அதனால் ஆதாயமும் இழப்பும் அடைவோர் யார், அரசின் முன்னுள்ள வழிகள் எவை என்று எடுத்துரைத்து, முடிவைச் சொல்லாமல் விட்டுவிடும் நிகழ்வாய்வுகள் அவரது வகுப்பின் அடித்தளமாயின. மாணவர்கள் ஒருவர் நிதியமைச்சராகவும் மற்றொருவர் சிறு விவசாயியாகவும் இன்னொருவர் நகரத்துக் கூலித் தொழிலாளியாகவும் அமர்ந்து வாதிட்டு, எல்லாவற்றையும் எடைபோட்டு ஒரு பரிந்துரைக்கு வரவேண்டும். 2009இல் மூன்று தொகுதிகளாக இந்த நிகழ்வாய்வுகள் நூல்வடிவம் பெற்றன. உணவுக் கொள்கை பற்றிய அவரது பாடநூல் 2011இல் வந்தது.

இந்தக் கற்பித்தல் முறையில் ஒரு குறை உண்டு. வகுப்பறையில் கூலித் தொழிலாளியின் இடத்தில் அமர்ந்தவருக்கும் அமைச்சருக்கும் பேசக் கிடைக்கும் நேரம் ஒன்றே. நாட்டில் அப்படி இல்லை. 2007-08இல் உலக அரிசி விலை சில மாதங்களில் இரண்டு மடங்குக்கும் மேல் ஏறியபோது, இந்தியா உள்ளிட்ட நாடுகள் தம் நகர மக்களின் சினத்துக்கு அஞ்சி ஏற்றுமதியைத் தடுத்தன. அதன் சுமை வங்கதேசம், பிலிப்பைன்ஸ் போன்ற இறக்குமதி நாடுகளின் மீது விழுந்தது. எந்தக் கொள்கை நல்லது என்பதைவிட, அரசுகள் ஏன் அந்தக் கொள்கையைத் தேர்ந்தன என்பதையே முதன்மைக் கேள்வியாக வைத்துப் பல நாடுகளின் நடவடிக்கைகளை ஒப்பிடும் ஒரு பெரும் ஆய்வை அவர் அதன்பின் வழிநடத்தி, நூலாகவும் தொகுத்தார்.