ஒரு உதை, மூன்று புள்ளி!

குழந்தைகளே, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம் ரக்பி. அணிக்கு 15 பேர். பந்தைக் கையால் முன்னோக்கி எறியக் கூடாது. பக்கவாட்டிலோ பின்னாலோதான் கொடுக்க வேண்டும்.

இந்தியப் பெண்கள், 15 பேர் ஆடும் சர்வதேசப் போட்டியில் முதன்முதலாக இறங்கியது 2018-ல். சிங்கப்பூரிடம் தோற்றார்கள். ஆனால் பயிற்சியை விடவில்லை.

2019 ஜூனில் பிலிப்பைன்ஸ் நாட்டில் அதே சிங்கப்பூருடன் மீண்டும் மோதினார்கள். ஆட்டம் முடியும் நேரம். சிங்கப்பூர் 19, இந்தியா 18. அப்போது இந்தியாவுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. இரு கம்பங்களுக்கு நடுவே, குறுக்குக் கட்டைக்கு மேலே பந்தை உதைத்து அனுப்பினால் 3 புள்ளி!

ஒடிசாவின் சுமித்ரா நாயக் உதைத்தார். பந்து சரியாகப் பறந்தது. 21-19! இந்த வகை ஆட்டத்தில் இந்தியப் பெண்களின் முதல் சர்வதேச வெற்றி அது.

தோற்றதும் பந்தை மூலையில் போட்டிருந்தால், அந்த உதை ஏது?